விரைக் கட்டிகள் சுரக்கும் ஹார்மோன்களைத் திசு வளர்ப்பில் ஆராயும் முறை

முப்பது வயது இளைஞர் ஒருவருக்கு ஒரு பக்க விரை வலியில்லாமல் வீங்கிக் கட்டியாகியிருக்கிறது. இரு மார்புகளும் பருத்திருக்கின்றன. இரத்தத்தில், கருவுற்ற பெண்களின் நஞ்சுக்கொடி சுரக்கும் எச்.சி.ஜி. ஹார்மோனும், பெண்மை ஹார்மோனான எஸ்ட்ரடையாலும் மிகுந்திருக்கின்றன. இந்த எஸ்ட்ரடையால் எங்கிருந்து வந்தது என்பதற்கு இரத்தப் பரிசோதனை விடை தராது. கட்டியே அதை முழுவதுமாகச் செய்திருக்கலாம். கட்டி சுரந்த எச்.சி.ஜி.யால் தூண்டப்பட்டு, விரையில் டெஸ்டோஸ்டிரோனைச் சுரக்கும் லேடிக் செல்களில் அருகிலுள்ள நலமானவை செய்திருக்கலாம். அல்லது வேறு இடத்தில் உருவான ஆண்ட்ரோஜனை (ஆண்மை ஹார்மோனை) வாங்கிக் கட்டி அதை எஸ்ட்ரடையாலாக மாற்றியிருக்கலாம். இம்மூன்றையும் பிரித்துக் காட்ட வேண்டுமானால், திசுவை உடலுக்கு வெளியே தட்டில் உயிரோடு வைத்து, அதற்கு நாம் என்ன கொடுத்தோம், அது நமக்கு என்ன திருப்பித் தந்தது என்று கணக்குப் பார்க்க வேண்டும். அந்தக் கணக்கைப் பிழையில்லாமல் பார்ப்பது எப்படி என்பதை, வேலூர், காட்பாடி வட்டாரத்தில் இந்த வேலையைப் புதிதாகத் தொடங்கும் ஆய்வு மாணவர்களுக்காக எழுதுகிறேன்.

நான் இதைத் தொடங்கிய காலத்தில், லேடிக் செல் கட்டி என்று வந்த ஒரு திசுவை வளர்ப்பில் வைத்து, முதல் 24 மணி நேர மீடியத்தில் (திசுவுக்கு உணவூட்டும் திரவத்தில்) டெஸ்டோஸ்டிரோன் மிகுதியாக இருந்ததைக் கண்டு, கட்டி சுரக்கிறது என்று குறிப்பேட்டில் எழுதிவிட்டேன். அந்தப் பக்கத்தைப் பார்த்த என் வழிகாட்டி, "ரெண்டாம் நாள் எவ்வளவுப்பா?" என்று மட்டும் கேட்டார். இரண்டாம் நாள் அது ஐந்தில் ஒரு பங்காகவும், மூன்றாம் நாள் அளவிட முடியாத அளவுக்கும் இறங்கியிருந்தது. நலமான விரைக்குள் இருக்கும் டெஸ்டோஸ்டிரோனின் செறிவு இரத்தத்தில் இருப்பதைப் போல ஏறத்தாழ நூறு மடங்கு ஆகும். அதில் ஊறியிருந்த திசு, தட்டில் வைத்ததும் அதை மெல்ல மெல்ல வெளியே விட்டிருக்கிறது. நான் அளந்தது அந்தக் கசிவைத்தான். மீடியத்தில் ஹார்மோன் இருப்பது ஒன்று, திசு அதை அங்கே புதிதாகச் செய்வது வேறொன்று. இந்தக் கட்டுரையில் வரும் ஒவ்வொரு படியும் இவ்விரண்டையும் பிரித்தறிவதற்காகவே வருகிறது.

எந்தக் கட்டியில் எதைத் தேடுவது

விரைக் கட்டிகளில் மிகப் பெரும்பான்மையானவை கரு உயிரணுக்களிலிருந்து, அதாவது விந்தணுவாக மாற வேண்டிய மூலச் செல்களிலிருந்து, தோன்றுபவை. பதினைந்து முதல் முப்பத்தைந்து வயது வரையிலான ஆண்களிடம் இவை மிகுதி. இவற்றுள் கோரியோகார்சினோமாவில் நஞ்சுக்கொடியின் செல்களை ஒத்த சின்சீஷியோட்ரோஃபோபிளாஸ்ட் செல்கள் இருப்பதால் எச்.சி.ஜி. மிகுதியாகச் சுரக்கும். செமினோமாக்களிலும் சிலவற்றில் அத்தகைய செல்கள் ஆங்காங்கே கலந்திருப்பதால் சிறிதளவு எச்.சி.ஜி. வரும். ஆல்ஃபா ஃபீட்டோ புரதம் ஹார்மோன் அன்று. ஆயினும் அதையும் கூடவே அளப்பது நல்லது. தூய செமினோமா அதைச் செய்யாது என்பதால், செமினோமா என்று பெயரிட்டு வந்த திசுவின் மீடியத்தில் அது தொடர்ந்து ஏறினால் துண்டில் வேறு வகைக் கட்டியும் கலந்திருக்கிறது என்று பொருள்.

லேடிக் செல் கட்டி அரிது. விரைக் கட்டிகளில் நூற்றுக்கு ஒன்று முதல் மூன்று வரையே. ஆனால் ஸ்டீராய்டு ஹார்மோன்களைப் பொறுத்தவரை எல்லாவற்றினும் வளமான திசு அதுவே. சிறுவர்களுக்கு அது வந்தால் உரிய வயதுக்கு முன்பே மீசையும் குரல் மாற்றமும் வரும். பெரியவர்களுக்கு மார்பு பருக்கலாம். சிறுவர்களின் லேடிக் கட்டிகளில், லேடிக் செல்லைத் தூண்டும் பிட்யூட்டரி ஹார்மோனான எல்.எச்.சைப் பிடிக்கும் ஏற்பியின் 578ஆம் இடத்தில் ஆஸ்பார்ட்டிக் அமிலத்துக்குப் பதில் ஹிஸ்டிடின் வந்துவிடும் மரபணு மாற்றத்தை 1999இல் கண்டறிந்தார்கள். அந்த மாற்றம் உள்ள ஏற்பி, எல்.எச். வராமலேயே எப்போதும் இயங்கிக்கொண்டிருக்கும். எனவே தூண்டாத தட்டிலும் சுரப்பு மிகுந்திருந்தால் அதைத் தவறென்று ஒதுக்கிவிட வேண்டாம்.

இசைவும் திசு பெறுதலும்

விரையில் புற்று என்று ஐயப்பட்டால் அறுவை மருத்துவர் விரைப்பையைக் கீறாமல், கவட்டுப் பகுதியின் வழியாக விரையை முழுதாக எடுப்பார். அந்த அறுவைக்கு முன்பே நோயாளியின் எழுத்து மூலமான இசைவைப் பெற்றிருக்க வேண்டும்; அதற்கும் முன்பு நிறுவன நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் வந்திருக்க வேண்டும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2017இல் வெளியிட்ட நெறிமுறைகளே இதற்கு அடிப்படை. இசைவுப் படிவம் நல்ல தமிழில், குடியாத்தத்திலிருந்தோ ஆம்பூரிலிருந்தோ வரும் ஒரு தொழிலாளி தாமே படித்துப் புரிந்துகொள்ளும்படி இருக்க வேண்டும். இந்த நோயை வீட்டாரிடம்கூடச் சொல்லாமல் மாதக்கணக்கில் மறைத்து வைத்திருந்தவரிடம்தான் பெரும்பாலும் நாம் பேசப் போகிறோம். ஆகவே, தனியறையில் உட்கார்ந்து, ஆய்வுக்கு இசைந்தாலும் மறுத்தாலும் மருத்துவத்தில் எந்த மாற்றமும் இராது என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். கருத்தரிப்புக்காக விந்தணுவை முன்கூட்டியே சேமித்து வைக்கும் வாய்ப்பை மருத்துவர் அவரிடம் விளக்கியிருக்கிறாரா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். அது ஆய்வின் பகுதி இல்லையென்றாலும், அவருக்கு அதைவிடப் பெரிய கேள்வி வேறில்லை.

திசுவை முதலில் வெட்டும் உரிமை நோய்க்குறியியல் மருத்துவருக்கே உண்டு. அவர் நோயறிதலுக்கு வேண்டியதை எடுத்த பிறகு, மீதியிலிருந்து கட்டியின் ஒரு துண்டையும், கட்டியிலிருந்து இயன்ற வரை தள்ளியுள்ள நலமான விரைத் திசுவின் ஒரு துண்டையும் தனித்தனிக் குழாய்களில் பெற்றுக்கொள்ள வேண்டும். நலமான துண்டு இல்லாத ஆய்வு, ஒரு தட்டு மட்டும் உள்ள தராசு போன்றது. கட்டியின் சுரப்பை எதோடு ஒப்பிடுவது என்பதே தெரியாமல் போகும்.

வெட்டிய முகத்தைக் கூர்ந்து பாருங்கள். செமினோமா வெளிறிய சாம்பல் வெள்ளையாக, ஒரே சீராக இருக்கும். கோரியோகார்சினோமாவில் இரத்தம் கசிந்து கருஞ்சிவப்பாகத் தெரியும். அந்த இரத்தம் உறைந்த பகுதியில் உயிருள்ள செல்கள் மிகக் குறைவு என்பதால் ஓரத்திலிருந்தே துண்டு எடுக்க வேண்டும். லேடிக் கட்டி வெல்லப்பாகின் பொன்பழுப்பு நிறத்தில், சுற்றியுள்ள திசுவிலிருந்து தெளிவான எல்லையோடு இருக்கும். எந்த இடத்திலிருந்து எடுத்தோம் என்பதை ஒரு படமாக வரைந்து வைத்துக்கொண்டால், பின்னால் எண்கள் முரண்படும்போது அந்தப் படம் உதவும்.

துண்டுகளை லீபோவிட்ஸ் எல்-15 மீடியத்தில் இட்டு, 4 டிகிரியில் கொண்டு வர வேண்டும். இந்த மீடியத்துக்குக் கார்பன் டை ஆக்சைடு தேவையில்லை என்பதால் வழியில் அதன் பி.எச். கெடாது. குழாயைப் பனிக்கட்டியில் நேராகப் புதைத்தால் ஓரங்கள் உறைந்துவிடும். பனிக்கட்டி கலந்த நீரில் நிறுத்துவதே சரி. மே மாதக் கத்திரி வெயிலில், கிரீன் சர்க்கிள் நெரிசலில் சிக்கி, பாலாற்றுப் பாலம் தாண்டிக் காட்பாடி வந்து சேர்வதற்குள் சிறிய தெர்மாகோல் பெட்டியின் பனி பாதி கரைந்துவிடும். பெட்டிக்குள் ஒரு வெப்பமானியைப் போட்டு, புறப்படும்போதும் வந்து சேரும்போதும் காட்டிய அளவுகளைக் குறித்து வையுங்கள்.

வெட்டுதல், கழுவுதல், வைத்தல்

மனிதத் திசு என்பதால் எல்லா வேலையையும் இரண்டாம் நிலை உயிர்ப்பாதுகாப்பு விதிகளின்படி கேபினட்டுக்குள்தான் செய்ய வேண்டும். பெட்ரி தட்டில் சில துளி மீடியம் விட்டு, இரண்டு ஸ்கால்பெல் கத்திகளைக் குறுக்காகப் பிடித்து, அறுக்காமல் அழுத்தி வெட்ட வேண்டும். அறுத்தால் நார்கள் இழுபட்டுச் செல்கள் நசுங்கும். ஒவ்வொரு துண்டும் கேழ்வரகு மணி அளவில், அதாவது ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் இருக்கட்டும். ஆக்சிஜன் திசுவுக்குள் ஒரு மில்லிமீட்டரில் ஒன்றிரண்டு பத்தில் ஒரு பங்கு தொலைவே நன்றாகப் புகும் என்பதால், துண்டு பெரிதானால் நடுப்பகுதி இரண்டாம் நாளே இறந்துவிடும். வெளியே மட்டும் உயிர் இருக்கும்.

துண்டுகளை மீடியத்தில் மூழ்கடிக்காமல், துருப்பிடிக்காத எஃகு வலையின் மேல் வைத்து, மீடியம் வலையின் மேற்பரப்பைத் தொட்டு நிற்கும்படி ஊற்றுவது டிரோவெல் 1959இல் காட்டிய முறை. துண்டுக்குக் கீழிருந்து உணவும் மேலிருந்து காற்றும் கிடைக்கும். செல்களின் அமைப்பும் கலையாது. கொலாஜெனேஸ் நொதியால் திசுவைக் கரைத்துத் தனிச்செல்களாக்கும் முறையும் உண்டு. அதில் எண்ணிக்கை துல்லியமாகக் கிடைக்கும். ஆனால் நொதி மேற்பரப்பு ஏற்பிகளைப் பாதிக்கக்கூடும், நார்த்திசுச் செல்கள் சில நாட்களில் மற்றவற்றை மூடிவிடும். ஹார்மோன் சுரப்பைப் பார்க்க வேண்டுமானால் முதல் சில நாட்களுக்குத் துண்டு வளர்ப்பையே நான் பரிந்துரைப்பேன்.

வைப்பதற்கு முன் துண்டுகளை மூன்று முறை புது மீடியத்தில் கழுவி, கடைசிக் கழுவு நீரையும் குழாயிலிட்டு உறையவைக்க வேண்டும். பிறகு இரண்டு மணி நேரம் முன்வளர்ப்பில் வைத்து, அந்த மீடியத்தையும் எடுத்துச் சேமித்துவிட்டு, புது மீடியம் ஊற்றும் நொடியையே சுழிய நேரமாகக் கொள்ள வேண்டும். அந்த நொடியில் சில துண்டுகளை எடுத்து நேரடியாக உறையவைத்தால், திசுவுக்குள் ஏற்கெனவே எவ்வளவு ஹார்மோன் இருந்தது என்ற தொடக்க இருப்பு தெரியும்.

வெப்பநிலை

விரைப்பையின் வெப்பம் உடல் வெப்பத்தைவிட 2 முதல் 4 டிகிரி வரை குறைவு. எனவே நலமான விரைத் திசுவையும் லேடிக் கட்டியையும் 34 டிகிரியில் வளர்ப்பது இயற்கைக்கு நெருக்கமானது. இங்கேதான் நம் ஊர் வெயில் குறுக்கே வரும். சாதாரண இன்குபேட்டருக்குச் சூடாக்கத் தெரியுமே தவிரக் குளிர்விக்கத் தெரியாது. அறையின் வெப்பம் குறிவைத்த அளவைவிட ஏறத்தாழ 5 டிகிரி குறைவாக இருந்தால்தான் அது நிலையாக நிற்கும். ஏ.சி. நின்ற அறை 36 டிகிரிக்குப் போனால், 34க்கு வைத்த இன்குபேட்டர் அறையோடு சேர்ந்து ஏறும். முன்பக்கத்து எண் சில நேரம் அதைக் காட்டும். யாரும் பார்க்காத இரவில் காட்டி என்ன பயன்? எனவே அறையின் ஏ.சி.யும் யு.பி.எஸ். இணைப்பில் இருக்க வேண்டும், அல்லது குளிர்விக்கும் வசதியுள்ள இன்குபேட்டர் வேண்டும். உள்ளே ஒரு தனி வெப்பமானி வைத்து, ஏறி இறங்கிய உச்ச அளவுகளைத் தினமும் குறிக்க வேண்டும். ஈரப்பதத் தட்டில் குழாய் நீரை ஊற்றாதீர்கள். நம் பகுதி நிலத்தடி நீர் கடின நீர், ஒரே மாதத்தில் தட்டெங்கும் வெள்ளைப் படிவு பிடிக்கும். கிருமிநீக்கிய காய்ச்சி வடித்த நீரே போதும்.

மீடியத்துக்குள் ஒளிந்திருப்பவை

கன்றுக் கரு சீரத்திலேயே ஸ்டீராய்டுகள் இருக்கின்றன. ஆகவே அளவெடுக்கும் நாட்களில் சீரமில்லா மீடியத்தையோ, கரியால் ஸ்டீராய்டு உறிஞ்சி எடுக்கப்பட்ட சீரத்தையோ பயன்படுத்துங்கள். பி.எச். காட்டுவதற்காகச் சேர்க்கப்படும் ஃபீனால் ரெட் நிறமி மெல்லிய ஈஸ்ட்ரோஜன் தன்மை உடையது என்று 1986இலேயே காட்டியிருக்கிறார்கள். அது இல்லாத மீடியம் கிடைக்கிறது, அதையே வாங்குங்கள். ஒவ்வொரு முறையும் திசு இல்லாத ஒரு தட்டில் அதே மீடியத்தை அதே நேரம் வைத்திருந்து, அதையும் அளக்க வேண்டும்.

உற்பத்திக்கான சான்று

இதில்தான் பொறுமை வேண்டும். சுழிய நேரத்துக்குப் பின் 6, 24, 48, 72 மணிகளில் மீடியத்தை முழுவதும் மாற்றி எடுங்கள். கசிவு என்றால் ஒவ்வொரு முறையும் சரசரவெனக் குறையும். உற்பத்தி என்றால் ஒரு அளவில் நிற்கும் அல்லது ஏறும். அடுத்து, எல்லா மீடியங்களிலும் வந்த மொத்தத்தோடு கடைசியில் துண்டில் மிஞ்சியதையும் கூட்டினால், அது தொடக்க இருப்பைவிடத் தெளிவாக அதிகமாக இருக்க வேண்டும். மூன்றாவதாக, அதே திசுவின் சில துண்டுகளை உறையவைத்து உருக்கும் செயலை மூன்று முறை செய்து கொன்று, உயிருள்ள துண்டுகளோடு சேர்த்தே வளர்ப்பில் வைக்க வேண்டும். செத்த துண்டு விடுவதெல்லாம் கசிவு. அதைக் கழித்த பிறகு மிஞ்சுவதைப் பற்றித்தான் பேசலாம்.

சைக்ளோஹெக்ஸிமைடு என்னும் மருந்து புரத உற்பத்தியை நிறுத்தும். எச்.சி.ஜி. ஒரு புரதம் என்பதால் அது சேர்த்த தட்டில் எச்.சி.ஜி. வரத்து நின்றுபோவது எளிதில் புரியும். டெஸ்டோஸ்டிரோன் புரதமே இல்லை; ஆனாலும் தூண்டப்பட்ட லேடிக் செல்களில் அதுவும் குறையும். காரணம், கொலஸ்ட்ராலை மைட்டோகாண்ட்ரியாவின் உட்சவ்வுக்குக் கொண்டு சேர்க்கும் ஸ்டார் என்னும் புரதம் மிகக் குறுகிய ஆயுள் உடையது. புதிதாக வராவிட்டால் விரைவில் தீர்ந்துபோகும். அந்தப் புரதத்தை 1994இல் அடையாளம் கண்டதே எம்.ஏ.-10 என்னும் எலி லேடிக் கட்டிச் செல்களில்தான் என்பதை நினைக்கும்போது, கட்டிச் செல் வளர்ப்பு நலமான உடலைப் பற்றியும் எவ்வளவு கற்றுத் தந்திருக்கிறது என்பது விளங்கும்.

எந்தப் படியில் தடை இருக்கிறது என்று பார்க்க, மூலப்பொருளை மாற்றி மாற்றிக் கொடுங்கள். ஃபோர்ஸ்கொலினோ டைபியூட்டிரில் சைக்ளிக் ஏ.எம்.பி.யோ கொடுத்தால் ஏற்பியைத் தாண்டி உள்ளிருந்தே செல் தூண்டப்படும். 22ஆர்-ஹைட்ராக்ஸி கொலஸ்ட்ரால் தானாகவே மைட்டோகாண்ட்ரியாவுக்குள் போகும் என்பதால் அது ஸ்டார் புரதத்தின் வேலையையும் தாண்டிவிடும். ஹார்மோன் கொடுத்தும் வராத சுரப்பு இதைக் கொடுத்ததும் வந்தால், நொதிகள் நலமாக உள்ளன, கோளாறு அதற்கு முன்னால் இருக்கிறது என்று முடிவு செய்யலாம். டிரைலோஸ்டேன் சேர்த்தால் பிரெக்னெனோலோன் புரோஜெஸ்டிரோனாக மாறுவது நிற்கும்; லெட்ரோசோல் சேர்த்தால் எஸ்ட்ரடையால் நிற்கும்.

தொடக்கத்தில் சொன்ன இளைஞரின் கேள்விக்கும் இதுவே வழி. நஞ்சுக்கொடிச் செல்களில் ஆண்ட்ரோஜனை ஈஸ்ட்ரோஜனாக்கும் அரோமட்டேஸ் நொதி உண்டு; ஆனால் ஆண்ட்ரோஜனைச் செய்யும் சி.ஒய்.பி.17 என்னும் நொதியின் செயல் கிட்டத்தட்ட இல்லை. எனவே கோரியோகார்சினோமாத் துண்டுகளை மூன்று தொகுதிகளாகப் பிரித்து, முதல் தொகுதிக்கு ஒன்றும் கொடுக்காமல், இரண்டாவதற்கு ஆண்ட்ரோஸ்டீன்டையோன் கொடுத்து, மூன்றாவதற்கு அதோடு லெட்ரோசோலும் சேர்த்து வைக்க வேண்டும். இரண்டாவதில் மட்டும் எஸ்ட்ரடையால் வந்தால், கட்டி மாற்றித் தருகிறதே தவிரத் தானே தொடக்கத்திலிருந்து செய்யவில்லை என்று உறுதியாகும். இதோடு, கட்டி வளர்ந்த மீடியத்தை நலமான விரைத் துண்டின் மேல் ஊற்றிப் பார்ப்பதும் அவசியம். அந்த நலமான துண்டு டெஸ்டோஸ்டிரோனையும் எஸ்ட்ரடையாலையும் ஏற்றினால், கட்டியின் எச்.சி.ஜி. அதைத் தூண்டுகிறது என்று தெரியும், எச்.சி.ஜி.க்கு எதிரான நடுநிலையாக்கும் எதிரணுவை (ஆன்டிபாடியை) சேர்த்ததும் அது அடங்கினால் ஐயமே இல்லை.

அளவிடுதல்

யாலோவும் பெர்சனும் 1950களின் இறுதியில் உருவாக்கிய கதிரியக்க நோய்த்தடுப்பு அளவீடு இந்தத் துறையை மாற்றியது. அதற்காக யாலோ 1977இல் நோபல் பரிசு பெற்றார். எச்.சி.ஜி.யின் ஆல்ஃபா பகுதி எல்.எச்., எஃப்.எஸ்.எச்., டி.எஸ்.எச். ஆகியவற்றுக்கும் பொதுவானது என்பதால், பீட்டா பகுதியை மட்டும் அடையாளம் காணும் அளவீடு 1972இல் வந்த பிறகே எண்களை நம்ப முடிந்தது. சில கட்டிகள் பீட்டா பகுதியைத் தனியாகவும் விடும். எனவே முழு மூலக்கூறையும் தனி பீட்டாவையும் சேர்த்து அளக்கும் கிட்டையே (அளவீட்டுப் பொருள்கள் அடங்கிய பெட்டியையே) தேர்ந்தெடுங்கள்.

இரத்த சீரத்துக்காகச் செய்யப்பட்ட கிட்டை மீடியத்துக்குப் பயன்படுத்தும்போது மூன்று பொறிகள் உள்ளன. தரநிலை வரைகோட்டை அதே மீடியத்தில் போடாவிட்டால் எண்கள் விலகும். எச்.சி.ஜி. மிக மிகுந்திருந்தால், இரு எதிரணுக்களுக்கு நடுவே ஹார்மோனைப் பிடிக்கும் சாண்ட்விச் அளவீடு தலைகீழாகக் குறைவாகக் காட்டும். எனவே பத்து மடங்கும் நூறு மடங்கும் நீர்த்து அளந்து, நீர்த்த விகிதத்துக்கு ஏற்ப எண்கள் இறங்குகின்றனவா என்று பார்க்க வேண்டும். மூன்றாவது பலரும் கவனிக்காதது: ஆர்.பி.எம்.ஐ.-1640 மீடியத்தில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் பயோட்டின் என்னும் வைட்டமின் உண்டு. ஸ்ட்ரெப்டாவிடின் என்னும் புரதம் பயோட்டினைப் பிடிப்பதை நம்பியுள்ள கிட்டுகளில் இது டெஸ்டோஸ்டிரோனைப் பொய்யாக உயர்த்தியும் எச்.சி.ஜி.யைப் பொய்யாகக் குறைத்தும் காட்டக்கூடும். டி.எம்.இ.எம். மீடியத்தில் பயோட்டின் இல்லை. ஸ்டீராய்டுகளுக்கு, வசதி கிடைக்கும் இடத்தில், நிறைநிறமாலைமானி அளவீடே நம்பகமானது.

வந்த எண்ணைத் தட்டுக்கு இவ்வளவு என்று எழுதாமல், துண்டிலுள்ள டி.என்.ஏ. மைக்ரோகிராமுக்கு, மணிக்கு இவ்வளவு என்று எழுத வேண்டும். ஈர எடை இரத்தத்தாலும் நீராலும் ஏமாற்றும்.

செல் வரிசைகள்

மனிதத் திசு எப்போதாவதுதான் கிடைக்கும். இடைப்பட்ட காலத்தில் கை பழகவும், கிட்டைச் சரிபார்க்கவும், தட்டில் தொடர்ந்து பெருகும்படி நிலைப்படுத்திய செல் வரிசைகள் உதவும். எம்.ஏ.-10 தூண்டினால் பெரும்பாலும் புரோஜெஸ்டிரோனையே தரும். அதில் டெஸ்டோஸ்டிரோனைத் தேடி ஏமாற வேண்டாம். ஆர்2சி என்னும் எலி வரிசை தூண்டாமலேயே சுரக்கும். எச்.சி.ஜி.க்கு ஜெ.இ.ஜி.-3 நல்ல நேர்மறை ஒப்பீடு. அது கருப்பைவழிக் கோரியோகார்சினோமாவிலிருந்து வந்தது, விரையிலிருந்து அன்று என்பதை ஆய்வுக் கட்டுரையில் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். எந்த வரிசை வந்தாலும் முதலில் மைக்கோபிளாஸ்மா உள்ளதா என்று பி.சி.ஆரில் பாருங்கள். அது 0.22 மைக்ரான் வடிகட்டியையும் தாண்டக்கூடியது, மீடியத்தைக் கலங்கவும் செய்யாது. ஆனால் செல்லின் சுரப்பைச் சத்தமில்லாமல் மாற்றிவிடும்.

கழிவுகளை 2016ஆம் ஆண்டின் மருத்துவக் கழிவு விதிகளின்படி பிரித்து, ஆட்டோகிளேவ் செய்த பிறகே அனுப்ப வேண்டும்.

கடைசி மீடியத்தை எடுத்தவுடன் ஒவ்வொரு தொகுதியிலிருந்தும் இரண்டு துண்டுகளை ஃபார்மலினில் இட்டு, மெழுகில் பதித்து, சீவல் வெட்டி, முதலில் நோயறிதலுக்காகத் திசுவை வெட்டிக் கொடுத்த அதே நோய்க்குறியியல் மருத்துவரிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள். அந்தத் துண்டில் கட்டிச் செல்கள் உண்மையில் இருந்தனவா, எத்தனை பங்கு உயிரோடு இருந்தன, லேடிக் செல்கள் ஓரமாக ஒட்டிக்கொண்டு வந்தனவா என்று அவர் சொல்ல வேண்டும். எனக்கு ஒருமுறை கட்டித் துண்டு என்று வைத்ததில் பாதி நலமான விரைத் திசுவாக இருந்தது சீவலில்தான் தெரிந்தது. அந்தத் தொகுதியின் எண்கள் எல்லாவற்றையும் நீக்கிவிட்டு, அடுத்த திசுவுக்காக எட்டு மாதம் காத்திருந்தோம்.